மாருதி 800 (கார்புரேட்டர்): சூடானதும் ஐட்லிங் நிக்கல, மிதிச்சா முக்குது

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி பக்கம்)

வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். காலையில சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணினா நல்லாவே ஓடுது. சூடு ஏறி சோக்கை உள்ளே தள்ளினதும் ஐட்லிங் கெட்டுப்போயிடுது. ஸ்டீயரிங், டேஷ்போர்டு எல்லாம் ஆடுது, ரயில்வே கேட்ல நிறுத்தினா சில நேரம் ஆஃப் ஆயிடுது. கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மிதிச்சா உடனே ஏறாம ஒரு முக்கு முக்கிட்டு அப்புறம்தான் இழுக்குது. கார்புரேட்டர் பக்கம் 'டப்'னு ஒரு சத்தமும் வருது. 40க்கு மேல போயிட்டா ஒரு குறையும் இல்லை.

இதுவரை மாத்தினது: மூணு பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணி, ஆஃப் ஆகாம இருக்க ஐட்லிங் ஸ்க்ரூவை ஏத்தி வச்சிருக்கார். ஆஃப் ஆகுறது குறைஞ்சது, முக்குறது கூடிடுச்சு. இப்ப அவர் 'கார்புரேட்டரே மாத்தணும், இல்லாட்டி இன்ஜின் வேலை' என்கிறார். வண்டி நிக்கிற கொட்டகை வைக்கோல் போருக்குப் பக்கத்துல. குறுவை அறுப்பு முடிஞ்சதுலேருந்துதான் இந்தத் தொல்லை. காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும், எந்த வரிசையில?

---

டெல்கோமூடி (கும்பகோணம்)

ஐட்லிங் கெடுறதும் மிதிச்சா முக்குறதும் ஒரே கோளாறுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. பழைய கார்புரேட்டர் வண்டியில இது ரெண்டும் தனித்தனிக் காரணமா இருந்து ஒண்ணை ஒண்ணு மறைக்கிறது ரொம்ப சகஜம். முதல்ல ஐட்லிங்கைப் பிடிங்க.

இது 3 சிலிண்டர் இன்ஜின். ஒண்ணு படுத்தா மூணுல ஒரு பங்கு போச்சு, அதனால ஆட்டம் பலமாத் தெரியும். ஆக, முதல் கேள்வி: ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகுதா, மூணும் சேர்ந்து தடுமாறுதா?

இன்ஜின் நல்லா சூடானதும் ஐட்லிங்ல விட்டுட்டு, ஒவ்வொரு பிளக் ஒயரா எடுத்துப் பாருங்க. ரப்பர் கைப்பிடி போட்ட இடுக்கியால பிடிச்சு இழுங்க. எடுத்த ஒயரை அந்தரத்துல தொங்க விடாதீங்க, ஒரு பழைய பிளக்கை அதுல சொருகி அதோட உடம்பை இன்ஜின் இரும்புல ஒயர் வச்சு எர்த் பண்ணுங்க. கரண்ட் போக வழி இல்லாம விட்டா டெல்கோவுக்குள்ள (மூணு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்) இருக்கிற எலக்ட்ரானிக் மாட்யூலும் காயிலும் அடி வாங்கும். நல்ல சிலிண்டரோட ஒயரை எடுத்தா இன்ஜின் சட்டுனு இறங்கும். எதை எடுத்தா பெரிசா மாற்றம் இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். டைமிங் பெல்ட் பக்கம் இருக்கிறது 1. ஃபயரிங் ஆர்டர் 1-3-2. பிளக் மாத்தினப்போ ரெண்டு ஒயரை இடம் மாத்திப் போட்டிருந்தா வண்டி இந்த அளவுக்குக்கூட ஓடாது, இருந்தாலும் ஒரு பார்வை பாருங்க.

ஒரு சிலிண்டர் மட்டும்னா: பிளக், ஒயர், டெல்கோ மூடியில அந்த முனை, கம்ப்ரெஷன், அந்த சிலிண்டருக்குக் கலவையைக் கொண்டு போற மேனிஃபோல்டு குழாய்ல ஏர் எடுக்கிறது (வெளிக்காத்து புகுறது). மூணும் சேர்ந்துன்னா: கார்புரேட்டர், அதுக்கு அடியில ஏர் லீக், டைமிங், பெட்ரோல்.

புது பிளக்னாலும் கழட்டி மூணையும் வரிசையா வச்சு நிறம் பாருங்க. இளம் பழுப்பு சரி. வெள்ளையா வெந்திருந்தா பெட்ரோல் பத்தல, கரி படிஞ்சு கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். கேப் 0.7 - 0.8 மி.மீ. கடையில வாங்கினபடியே மாட்டினா அந்த அளவு இருக்கும்னு நம்பாதீங்க, ஃபீலர் கேஜ் வச்சுப் பாருங்க.

எச்டி ஒயரை (பிளக்குக்குப் போற ஒயர்) மல்டிமீட்டர்ல அளங்க. நீளத்துக்குத் தக்கபடி சில ஆயிரம் ஓம் காட்டும். ஒண்ணு மட்டும் மத்ததைவிட ரொம்ப அதிகமா, 20 கிலோ ஓமைத் தாண்டிக் காட்டினாலோ, அசைக்கும்போது மீட்டர் எகிறினாலோ செட்டாவே மாத்துங்க.

கம்ப்ரெஷனை இந்தக் கட்டத்துலயே பார்த்துட்டா 'இன்ஜின் வேலை' பேச்சுக்கு முடிவு தெரிஞ்சிடும். மூணு பிளக்கும் வெளியே, காயில் கனெக்டர் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சபடி செல்ஃப் அடிங்க. முள் ஏறி நிக்கிற வரைக்கும், அஞ்சாறு அடி போதும். ஆக்சிலேட்டரை மிதிக்காம அளந்தா எல்லாமே குறைச்சுக் காட்டும், அதை வச்சு இன்ஜினைப் பிரிச்சவங்க உண்டு. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 15 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறினா ரிங், ஏறலேன்னா வால்வு. வால்வுன்னா உடனே ஹெட்டை இறக்கிடாதீங்க, டாப்பெட் கேப் (வால்வுக்கு மேல விடுற சின்ன இடைவெளி) இல்லாம இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

---

உப்புக்காத்து (நாகப்பட்டினம்)

கரண்ட் பக்கத்துல டெல்கோமூடி சொன்னதுக்கு மேல ஒண்ணு. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை ஈரமும் கடல் காத்தும் சேர்ந்தா டெல்கோ மூடிதான் முதல் பலி. மூடியைக் கழட்டி உள்ளே பாருங்க. முனைகள்ல பச்சை பூத்திருக்கா, முனைக்கு முனை பென்சில்ல கோடு கிழிச்ச மாதிரி மெல்லிசா கறுப்புக் கோடு ஓடுதா? அந்தக் கோடு கரித்தடம். கரண்ட் பிளக்குக்குப் போகாம அது வழியா ஓடிடும். அதைச் சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும், மூடியும் ரோட்டரும் சேர்த்து மாத்திடுங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பானெட்டைத் திறந்து, பூவாளி ஸ்பிரேயால ஒயர் மேல லேசா தண்ணி அடிச்சா நீலப்பொறி எங்க தாவுதுன்னு கண்ணாலயே பார்க்கலாம். கை, பெல்ட், ஃபேன் ஜாக்கிரதை.

இன்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டையையும் கழட்டித் தேய்ச்சு மாட்டுங்க.

ஆனா எனக்கு சந்தேகம் பெட்ரோல் மேலதான். இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், இ20க்கு 13.5 கிலோ அளவுதான். அதாவது அதே காத்துக்கு சுமார் 9 சதவீதம் கூடுதலா பெட்ரோல் போகணும். எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் பீச்சுறது) சென்சார் பார்த்துத் தானே கூட்டிக்கும். கார்புரேட்டர்ல ஜெட்டோட ஓட்டை மாறாது, அதனால கலவை லீனாயிடும் (காத்து அதிகம், பெட்ரோல் குறைவு). லீன்னா ஐட்லிங் ஆடும், மிதிச்சா முக்கும், கார்புரேட்டர்ல 'டப்'னு வெடிக்கும். நீங்க சொன்ன மூணும் இதுல அடங்குது.

அதோட எத்தனால் தண்ணியை இழுக்கும். அதிகம் ஓடாம கொட்டகையில நிக்கிற வண்டின்னா டேங்க் அடியில தண்ணி இருக்கலாம். பெட்ரோல் பம்ப்புக்குப் போற டியூபைக் கழட்டி, இன்ஜின் நல்லா ஆறின பிறகு வெளியில வச்சு, ஒரு கண்ணாடி பாட்டில்ல அரை லிட்டர் பிடிச்சு அசையாம வைங்க. அடியில தனியா ஒரு படலம் நின்னா டேங்கை வடிச்சே ஆகணும். எத்தனால் எவ்வளவுன்னு பார்க்க, அளவு போட்ட குழாய்ல 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி விட்டுக் குலுக்கி வைங்க. எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழே இறங்கும். அடிப்படலம் 30 மில்லி பக்கம் வந்தா இ20.

---

ஸ்லோஜெட் (தஞ்சாவூர்)

இ20 லீனாக்கும் என்பது சரி. ஆனால் அறுவடை முடிந்த கையோடு திடீரென்று ஆரம்பித்த கோளாறுக்கு அது முதல் காரணமாக இருக்காது. பெட்ரோல் மூன்று சிலிண்டருக்கும் ஒன்றுதான். டெல்கோமூடி சொன்னபடி பிளக் நிறம் பார்த்தால் இது தெளியும். மூன்றும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் அல்லது கார்புரேட்டர். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் பெட்ரோலை விட்டுவிடலாம்.

நீங்கள் கொடுத்த தகவலிலேயே முக்கியமான துப்பு ஒன்று இருக்கிறது: சோக் இழுத்தால் சரியாக ஓடுகிறது. சோக் என்பது காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது. சூடான இன்ஜினிலும் சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். ஐட்லிங் தேறினால் கலவை லீன்: ஏர் எடுக்கிறது, அல்லது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. இன்னும் மோசமாகிப் புகைந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்): ஃப்ளோட் மட்டம், நீடில் வால்வு பக்கம் போக வேண்டும்.

40க்கு மேல் குறை தெரியாததும் ஏர் லீக்கையே காட்டுகிறது. ஐட்லிங்கில் பட்டர்ஃபிளை (ஆக்சிலேட்டர் மிதித்தால் திறக்கும் தகடு) மூடியிருக்கும். மேனிஃபோல்டுக்குள் இழுப்பு மிக அதிகம், உள்ளே போகும் காற்றோ மிகக் குறைவு. ஒரு சின்னக் கீறல் வழியாக வரும் காற்றுகூட அப்போது பெரிய பங்காகிவிடும். மிதித்ததும் இழுப்பு குறைகிறது, மொத்தக் காற்று கூடுகிறது, லீக் கணக்கில் வராமல் போகிறது.

வேக்கம் கேஜ் (அந்த இழுப்பை அளக்கும் மீட்டர்) கிடைத்தால் மேனிஃபோல்டில் மாட்டிப் பாருங்கள். டெல்டா கடல்மட்டத்துக்கு ஒட்டியே இருப்பதால் உயரத்துக்காகக் கழிக்க வேண்டியதில்லை. நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். 3 சிலிண்டரில் முள் கொஞ்சம் துடிப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைவாக நின்றால் ஏர் லீக் அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. சீரான இடைவெளியில் முள் 'டிக்'கென்று விழுந்தால் ஒரு வால்வு.

லீக் தேட: முதலில் எல்லா வேக்கம் டியூபையும் ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்குங்கள். பிரேக் பூஸ்டர் இருந்தால் அந்தப் பெரிய டியூப், இன்ஜின் உள்வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவரும் பிசிவி டியூப், எல்லாம். எதை நசுக்கினால் ஐட்லிங் மாறுகிறதோ அங்கே பாருங்கள். வைக்கோல் போர்ப் பக்கம் நிற்கும் வண்டி என்கிறீர்கள்; அறுவடை ஆனதும் வயல் எலி கொட்டகைக்குத்தான் வரும், ரப்பர் டியூபின் அடிப்பக்கத்தைக் கடித்து வைக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை அடியில் விட்டுத் தடவுங்கள். பிறகு கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த கறுப்பு இன்சுலேட்டர், அதன் மேலும் கீழும் பேக்கிங், மேனிஃபோல்டு ஹெட்டில் சேரும் இடம். ஊசி போடாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து இணைப்புகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், இன்ஜின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் ஸ்பிரே இன்னும் தெளிவாகக் காட்டும்; ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும்.

இனி முக்குவது. ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றிய பிறகு அது கூடியது என்றீர்கள். கார்புரேட்டர் சுவரில், மூடிய பட்டர்ஃபிளையின் விளிம்புக்குச் சற்று மேலே, டிரான்சிஷன் துளைகள் இருக்கும். ஐட்லிங்கிலிருந்து மெயின் ஜெட் வேலைக்கு வரும்வரை பெட்ரோல் கொடுப்பது அவைதான். ஸ்க்ரூவை ஏற்றினால் பட்டர்ஃபிளை ஐட்லிங்கிலேயே திறந்து நிற்கும், அந்தத் துளைகள் முன்கூட்டியே திறந்து பெட்ரோல் விட ஆரம்பித்துவிடும். நிஜமாக மிதிக்கும்போது அங்கே கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் பலன் இல்லாமல் போகும். ஏர் லீக்கை ஐட்லிங் ஸ்க்ரூ கொண்டு ஈடுகட்டினால் வரும் விளைவு இது.

அதோடு ஆக்சிலேட்டர் பம்ப்பையும் பாருங்கள், செலவில்லாத சோதனை. இன்ஜின் ஆஃப், ஏர் கிளீனர் கழற்றி, சோக் தகட்டைத் திறந்து பிடித்துக் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். கையால் ஆக்சிலேட்டர் லிவரைத் திருப்பியதுமே மெல்லிய, அறுபடாத பீச்சு ஒன்று வர வேண்டும். திருப்பிப் பாதி போன பிறகு வந்தாலோ, சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, பம்ப் ரப்பர் போய்விட்டது அல்லது பீச்சும் மூக்கு அடைத்திருக்கிறது.

டெல்கோவின் வேக்கம் அட்வான்ஸ் டப்பாவையும் (இழுப்பைக் கொண்டு பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளுவது) விடாதீர்கள். அதன் டியூபை கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். இழுப்பு நிற்க வேண்டும். மூடி கழற்றியிருந்தால் உள்ளே தகடு நகர்வது தெரியும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அதுவும் மிதிக்கும்போது முக்க வைக்கும்.

---

வெண்ணாற்றங்கரை

ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். பார்த்தது இது:

கம்ப்ரெஷன் மூணும் 10 பிஎஸ்ஐ வித்தியாசத்துக்குள்ள. 1, 2 பிளக் பழுப்பு, 3 மட்டும் வெள்ளை. 3ஆம் ஒயரை எடுத்தா ஐட்லிங்ல மாற்றமே இல்லை, ஆனா ரேஸ் பண்ணிப் பிடிச்சிட்டு எடுத்தா இறங்குது. அந்த ஒயரை 2ஆவதோட மாத்தி அளந்தும் பார்த்தாச்சு, ஒயர் சரி. டெல்கோ மூடியில பச்சை கொஞ்சம் இருந்துச்சு, கறுப்புக் கோடு இல்லை. சோக் கால்வாசி இழுத்தா ஐட்லிங் தேறுது. பாட்டில்ல தண்ணிப் படலம் இல்லை.

வேக்கம் 14 அங்குலம். எந்த டியூபை நசுக்கினாலும் மாறலை. மேனிஃபோல்டு ஹெட்டோட சேர்ற இடத்துல, 3ஆவது சிலிண்டர் பக்கத்துக் கடைசி நட்டுக்கிட்ட தண்ணி விட்டா உறிஞ்சுது, ஐட்லிங் மாறுது. அந்த நட்டை ஸ்பேனர் வச்சா கையாலயே சுத்துது. பம்ப் பீச்சு லிவர் பாதி திரும்பின பிறகுதான் வருது, அதுவும் ஒழுகுற மாதிரி. அட்வான்ஸ் டப்பா இழுப்பு நிக்குது.

நட்டை மட்டும் இறுக்கினா போதுமா? பம்ப்புக்கு கிட் வாங்கிப் போடலாமா?

---

ஸ்லோஜெட்

ரெண்டு கோளாறு, ரெண்டும் கையில் கிடைத்துவிட்டன. 3ஆம் சிலிண்டர் ஐட்லிங்கில் மட்டும் படுத்து, ரேஸ் பண்ணினால் வேலை செய்வது லீக்குக்கு உறுதியான சாட்சி. பிளக்கோ ஒயரோ போயிருந்தால் அப்படி எழுந்திருக்காது; வால்வு இல்லை என்று கம்ப்ரெஷனே காட்டிவிட்டது.

நட்டை மட்டும் இறுக்காதீர்கள். தளர்ந்து ஆடிய இடத்தில் பேக்கிங் நைந்திருக்கும். இறுக்கினால் கொஞ்ச நாள் தாங்கிவிட்டு மறுபடி ஊதும். மேனிஃபோல்டைக் கழற்றிப் புது பேக்கிங் போடுங்கள். அதற்குள் கூலன்ட் ஓடும் வழி இருக்கும், இன்ஜின் ஆறியதும் கூலன்ட்டை வடித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் போர்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை இரும்புச் சுரண்டியால் சுரண்டாதீர்கள். ஹெட் அலுமினியம், கீறல் விழுந்தால் அதுவே அடுத்த லீக். மேனிஃபோல்டு முகத்தில் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டட் மரை உருவியிருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக, 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். பலம் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள். பேக்கிங் மேல் சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், பெட்ரோலில் ஊறி உரிந்து உள்ளே போகும்.

பம்ப்புக்குக் கிட் போதும், கார்புரேட்டர் மாற்ற வேண்டியதில்லை. மலிவுக் கிட்டில் வரும் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பம்ப் இறுகும். வாங்கியதும் ரப்பர் பாகத்தை ஒரு மூடி போட்ட பாட்டிலில் பெட்ரோலில் ஒருநாள் ஊற வைத்துப் பழைய அளவோடு ஒப்பிட்டால் தரம் தெரிந்துவிடும். பீச்சும் மூக்கில் ஒயர் விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் மட்டும்.

எல்லாம் மாட்டிய பிறகுதான் டியூனிங். ஐட்லிங் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்தி, பட்டர்ஃபிளை லிவரை அது தொட்டதும் ஒரு சுற்று மட்டும் ஏற்றுங்கள். மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும்வரை மூடி, 2 சுற்று திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். உட்கார்ந்த பின்னும் முறுக்கினால் ஊசி முனையும் துளையும் கெடும். சூடானதும் மிக்ஸரைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து, வேகம் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவால் 850 - 900 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள். மறுபடி மிக்ஸர், மறுபடி ஐட்லிங். இ20 காரணமாக மிக்ஸர் பழைய இடத்தைவிடக் கொஞ்சம் அதிகம் திறந்தே நிற்கும். அது சரிதான், உப்புக்காத்து சொன்னது இங்கேதான் பொருந்துகிறது.

கடைசியாகப் புகைச் சோதனை நிலையத்தில் கருவியை மாட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வருஷத்து வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு வரம்பு 3 சதவீதம். 1.5 முதல் 2.5க்குள் நின்றால் ஓட்டமும் மென்மையாக இருக்கும், சான்றிதழும் கிடைக்கும்.

---

டெல்கோமூடி

டியூனிங்குக்கு முன்னாடி டைமிங் லைட் வச்சுப் பார்த்துடுங்க தம்பி, வேக்கம் டியூபைக் கழட்டி அடைச்சுட்டு. பேக்கிங் மாத்தின பிறகும் வேக்கம் 15ஐத் தாண்டலேன்னா டைமிங் பிந்தியிருக்கு, இல்லாட்டி பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கு.

மூடியில பச்சை இருந்துச்சுன்னீங்களே, முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. பழைய துணியால துடைச்சு, மூடி நடுவுல இருக்கிற கரிக்குச்சி ஸ்பிரிங்கோட நல்லா உள்ளே போய் வருதான்னு அழுத்திப் பாருங்க.

---

உப்புக்காத்து

பெட்ரோல் பம்ப்பையும் ஒரு கை பார்த்துடுங்க. மெக்கானிக்கல் பம்ப்ல டயஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் நேரா ஆயில்ல இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சாலோ, ஆயில் மட்டம் தானா ஏறியிருந்தாலோ அந்த ஆயில்ல வண்டியை ஓட்டாதீங்க, பம்ப்பும் ஆயிலும் ஒண்ணா மாத்துங்க. பழைய பெட்ரோல் டியூபெல்லாம் நெகிழ்ந்து பிசுபிசுன்னு இருந்தா, எத்தனால் தாங்கும்னு அச்சடிச்ச டியூபா வாங்கிப் போடுங்க. ரிட்டர்ன் லைனையும் சேர்த்து.